பதினைந்து போர்களும் ஒரு பிரதம நீதியரசரும்

இலங்கை முஸ்லிம்களின் சட்ட வரலாறு என்று யார் பேசத் தொடங்கினாலும் முதலில் வந்து நிற்கிற வெள்ளைக்கார நீதிபதி சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன்தான். 1806ஆம் ஆண்டின் முஹம்மதியச் சட்டக்கோவையையும் ஜூரி முறையையும் சொல்லும்போதெல்லாம் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லிப் பழகிவிட்டோம். அவருக்கு அரை நூற்றாண்டு பிந்தி, விக்டோரியா மகாராணியின் காலத்தில், பதினைந்து வருடம் இந்த நாட்டின் பிரதம நீதியரசராக இருந்த இன்னொருவரை எங்கட ஆக்கள் எழுதும் கட்டுரைகளில் நான் அதிகம் கண்டதில்லை. அவர் சேர் எட்வர்ட் ஷெப்பர்ட் கிரீசி. 1860 முதல் 1875 வரை பதவியில் இருந்தவர்.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் அவருடைய தீர்ப்புகள் மட்டுமல்ல. கொழும்புக்குக் கப்பலேறுமுன்பே அவர் இங்கிலாந்தில் புகழ்பெற்ற ஒரு சரித்திர ஆசிரியர். அவருடைய இரண்டு நூல்களில் முஸ்லிம்கள் வருகிறார்கள். ஒன்றில் தோற்றவர்களாக, மற்றதில் ஒரு பெரிய ராஜ்ஜியத்தைக் கட்டி ஆண்டவர்களாக. உலக வரலாற்றில் எங்களுக்கு எந்த இடம் என்று ஏற்கெனவே எழுதிவைத்த ஒருவர், பிறகு எங்கட காணி வழக்கையும் மஹர் வழக்கையும் கேட்கிற ஆசனத்தில் வந்து அமர்ந்தார். இந்தச் சந்திப்பைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கிரீசி 1812இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பெக்ஸ்லி என்ற ஊரில் பிறந்தார். ஈட்டன் பாடசாலை, கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கொலேஜ் என்று அந்தக் காலத்து மேல்மட்டப் பிள்ளைகள் போகிற வழியிலேயே போனார். 1837இல் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டரானார். மூன்று வருடம் கழித்து லண்டன் யூனிவர்சிட்டி கொலேஜில் சரித்திரப் பேராசிரியர் பதவி கிடைத்தது. ஒரு கையில் வக்கீல் தொழில், மறு கையில் சரித்திரம். வெஸ்ட்மின்ஸ்டர் செஷன்ஸ் நீதிமன்றத்தில் துணை நீதிபதியாகவும் இருந்தார். 1851இல் அவர் எழுதிய ‘உலகின் பதினைந்து தீர்க்கமான போர்கள்’ என்ற நூல் வெளிவந்தது. திரும்பத் திரும்ப அச்சாகி, இன்றைக்கும் கடைகளில் கிடைக்கிற புத்தகம் அது. 1853இல் இங்கிலாந்தின் அரசியலமைப்பு வளர்ந்த வரலாற்றை எழுதினார். 1854இலும் 1856இலும் இரண்டு பாகங்களாக ‘உஸ்மானியத் துருக்கியர் வரலாறு’ வந்தது. 1860இல் ‘சேர்’ பட்டமும் இலங்கைப் பிரதம நீதியரசர் பதவியும் வந்து சேர்ந்தன. அப்போது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

முதலில் போர்ப் புத்தகத்தைப் பார்ப்போம். கிரேக்கர் பாரசீகரை வென்ற மரத்தன் போரில் தொடங்கி, 1815இல் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூவில் முடிகிறது அந்தப் பட்டியல். பதினைந்தில் ஆறு போர்களில் ஆங்கிலேயர் ஏதோ ஒரு பக்கத்தில் நிற்கிறார்கள். ஐரோப்பாவுக்கு வெளியே நடந்தவை இரண்டே இரண்டு. ஒன்று அமெரிக்காவின் சரட்டோகா. மற்றது மகா அலெக்சாண்டர் பாரசீகப் பேரரசைத் தோற்கடித்த அர்பேலா. இன்றைய ஈராக்கின் எர்பில் பக்கம். யர்முக் இல்லை, காதிஸிய்யா இல்லை, ஹித்தீன் இல்லை. மங்கோலியரைத் தடுத்து நிறுத்திய ஐன் ஜாலூத் இல்லை. 1453இல் கொன்ஸ்தாந்திநோப்பிளைத் திறந்த வெற்றியும் இல்லை. முஸ்லிம்கள் வருகிற இடம் ஒன்றே ஒன்றுதான்: கி.பி. 732இல், ஹிஜ்ரி 114 ரமழானில், பிரான்சின் தூர் நகருக்கும் புவாத்தியே நகருக்கும் இடையில் நடந்த போர். அந்தலுஸின் ஆளுநர் அப்துர் ரஹ்மான் அல்-காஃபிகி அங்கே ஷஹீதானார். பிராங்கியத் தளபதி சார்ல்ஸ் மார்ட்டல் வென்றார். அறபு வரலாற்றாசிரியர்கள் அந்த இடத்தை பலாத்துஷ் ஷுஹதா, ஷஹீதுகளின் பாதை, என்று அழைத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விசயம் ஒன்று உண்டு. தூர் போர் அந்தப் பட்டியலில் பதினைந்தில் ஒன்றாகச் சும்மா சேர்ந்த போர் இல்லை. புத்தகம் முழுவதற்கும் விதையே அதுதான். ஹென்றி ஹலம் என்ற ஆங்கில வரலாற்றாசிரியர் தூர் போரைப் பற்றி ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: முடிவு மாறியிருந்தால் உலக நாடகத்தின் பின்னைய காட்சிகள் எல்லாமே மாறியிருக்கக்கூடிய சில போர்களில் இதுவும் ஒன்று என்ற கருத்தில். அந்தக் குறிப்பை வாசித்தபோதுதான் இப்படி ஒரு நூல் எழுதும் எண்ணம் தனக்கு வந்ததென்று கிரீசியே முன்னுரையில் சொல்கிறார். ஆங்கிலம் படித்த உலகம் தலைமுறை தலைமுறையாக வாசித்த ஒரு சரித்திரப் புத்தகம், எங்களுடைய ஒரு தோல்வியைப் பற்றிய அடிக்குறிப்பிலிருந்து முளைத்தது.

அதே நேரம், நியாயத்தையும் சொல்ல வேண்டும். தூர் அத்தியாயத்தில் கிரிஸ்தவத் துறவிகள் எழுதிவைத்ததை மட்டும் கொண்டு அவர் கதை சொல்லவில்லை. அறபு எழுத்தாளர்களின் விவரணையையும் தேடிச் சேர்த்து, வாசகனுக்கு முன்னால் வைக்கிறார். இரு தரப்புச் சாட்சியையும் அழைப்பது நீதிமன்றப் பழக்கம். ஆனால் தீர்ப்பு எழுதும்போது ஐரோப்பா தப்பியது என்ற நிலைப்பாட்டை அவர் விடவில்லை. சாட்சி இரண்டு பக்கமும்; தீர்ப்பு ஏற்கெனவே மனசில் இருந்தது.

சீறாப்புராணத்தின் பதுறுப் படலத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்த ஒரு நாள் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எழும்பிக் கேட்டான்: “சேர், பிரான்சில நடந்த சண்டையில எங்கட ஆக்கள் வெண்டிருந்தா இண்டைக்கு ஐரோப்பா முழுக்க முஸ்லிமா இருந்திருக்குமாமே, உண்மையா?” எங்கேயோ கேட்டிருக்கிறான். அவன் கேட்டது கிரீசியின் கேள்வியேதான். கிரீசி ஆறுதலோடு கேட்டதை இவன் ஏக்கத்தோடு கேட்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்றைய ஆய்வாளர்கள் பலர் அந்தக் கேள்வியையே வேறுவிதமாகப் பார்க்கிறார்கள். அல்-காஃபிகியின் படையெடுப்பு ஒரு நாட்டைப் பிடித்துக் குடியேற வந்த படையெடுப்பு என்பதைவிட, செல்வத்தைத் தேடி வந்த ஒரு பெருந்தாக்குதலாகவே அவர்களுக்குத் தெரிகிறது. அதற்குப் பதினொரு வருடம் முந்தியே, 721இல், துலூஸ் நகரின் முன்னால் முஸ்லிம் படை தோற்றிருந்தது. தூரில் தோற்ற பிறகும் தெற்குப் பிரான்சின் நர்போன் நகரம் 759 வரை முஸ்லிம்களின் கையில் இருந்தது. உண்மையான அடி மஃரிபில் விழுந்தது. 740ஐ ஒட்டி பர்பர் மக்கள் உமையா ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். அறபியர் அல்லாத முஸ்லிம்களுக்கு வரியிலும் பங்கிலும் நடந்த அநியாயம் அதற்கு ஒரு முக்கிய காரணம். 750இல் உமையா ஆட்சியே கவிழ்ந்தது. மார்ட்டலின் கோடரியைப் பற்றிப் பேசுவது சுலபம். சொந்தச் சகோதரனுக்குச் செய்த அநியாயத்தைப் பற்றிப் பேசுவது கஷ்டம். அந்த மாணவனுக்கு நான் கொடுத்த பதிலின் சாரம் இதுதான்.

இனி இரண்டாவது நூல். 1854இல் ரஷ்யாவுக்கு எதிராகத் துருக்கியோடு சேர்ந்து பிரிட்டன் கிரைமியப் போரில் இறங்கிய நேரம் அது. துருக்கி யார், எவர் என்று அறிய ஆங்கில வாசகர்களுக்கு ஆவல். கிரீசி, ஜேர்மன் மொழியில் ஜோசப் வொன் ஹம்மர் பத்துப் பாகங்களாக எழுதிய உஸ்மானிய வரலாற்றை முக்கிய ஆதாரமாகக் கொண்டு தன் நூலை எழுதினார். அரசியல் தேவைக்குப் பிறந்த நூல் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அதைத் திறந்தால் வேறொரு கிரீசி தெரிகிறார். சுல்தான் இரண்டாம் முஹம்மதின் கானூன்நாமா, உலமாக்களின் படிநிலை, காணி முறை, சுலைமானின் சட்ட வேலைகள் என்று ஒரு அரசின் உள்கட்டமைப்பைச் சட்டத்தரணியின் கண்ணால் பார்த்து எழுதுகிறார். அரியணைக்காகச் சகோதரர்களைக் கொல்ல இடம்கொடுத்த சட்டத்தைக் கண்டிக்கிறார். சுலைமானின் பெருமையை மனம் திறந்து ஒப்புக்கொள்கிறார். தூர் போரில் பெயரில்லாத ஒரு வெள்ளமாக வந்த முஸ்லிம்கள் இங்கே சட்டமும் நிர்வாகமும் உள்ள மனிதர்களாக வருகிறார்கள்.

ஒரே மனிதர் எழுதிய இந்த இரண்டு நூல்களுக்கும் இடையில் ஏன் இவ்வளவு தூரம்? போரை மட்டும் பார்த்தால் எதிரி ஒரு கூட்டமாகவே தெரிவான். சட்டத்தைப் பார்க்கத் தொடங்கினால் குடும்பம் தெரியும், காணி தெரியும், பங்கு பிரிப்பு தெரியும், வழக்காடும் விதவை தெரிவாள். எதைப் பார்க்கிறோம் என்பதுதான் எப்படி எழுதுகிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது என்றே நான் விளங்கிக்கொள்கிறேன்.

1860இல் கிரீசி வந்து அமர்ந்த கொழும்பு புதுக்கடை நீதிமன்றம், சட்டம் படித்த எவரையும் திணறடிக்கக்கூடிய இடம். ஒல்லாந்தர் விட்டுப்போன ரோமன்-டச்சுச் சட்டம், அதன்மேல் ஆங்கிலச் சட்டம், கண்டிச் சிங்களவருக்குக் கண்டியச் சட்டம், யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமை, முஸ்லிம்களுக்கு 1806இன் சட்டக்கோவை. அந்தச் சட்டக்கோவையும் முதலில் கொழும்பு மாகாணத்துக்கென்று வந்தது; 1852இன் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலம்தான் கண்டிப் பகுதி முஸ்லிம்களுக்கும் விரிந்தது. நீதியரசர்கள் கொழும்பிலேயே இருந்துவிடவும் முடியாது. குற்ற வழக்குகளை விளங்கச் சுற்று நீதிமன்றங்களாக ஊர் ஊராகப் போக வேண்டும். கொழும்பு–கண்டி புகையிரதம் ஓடத் தொடங்கியதே 1867இல்தான். 1868இன் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உயர் நீதிமன்றத்தின் அமைப்பை மறுசீரமைத்தது. பிரதம நீதியரசரோடு வேறு இரண்டு நீதியரசர்கள். 1871இல் குடிசனக் கணக்கு எடுத்தபோது நாட்டில் சுமார் 24 இலட்சம் பேர். அத்தனை பேரின் மேன்முறையீடும் கடைசியாக வந்து நிற்கிற வாசல் இந்த மூவரின் வாசல். அதற்கும் அப்பால் லண்டனில் பிரிவிக் கவுன்சில். அது கையில் காசுள்ளவனுக்கு.

மேன்முறையீட்டில் வாதம் ஆங்கிலத்தில், தீர்ப்பும் ஆங்கிலத்தில். சாட்சி சொல்லும் சோனகர் பேசுவது தமிழ். இடையில் மொழிபெயர்க்கும் முதலியார். ‘மஹர்’ என்றும் ‘கைக்கூலி’ என்றும் ‘சீதனம்’ என்றும் வீட்டில் வேறுவேறு பொருளில் வழங்குகிற சொற்கள் அந்த இடைவெளியைத் தாண்டித்தான் பதிவேட்டுக்குப் போக வேண்டும். மஹர் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது. கைக்கூலி பெண் வீட்டார் மாப்பிள்ளை கையில் கொடுப்பது. இதை எங்கட உம்மாமார் ஒரு வசனத்தில் சொல்லிவிடுவார்கள். ரோமன்-டச்சுச் சட்டத்தில் ஊறிய நீதிமன்றத்துக்கு இதை விளங்கப்படுத்த எத்தனை பக்கம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். கிரீசியோ வேறு எந்த வெள்ளைக்கார நீதியரசரோ எவ்வளவு நல்ல மனசுக்காரராக இருந்தாலும், அவர் கேட்டது இரண்டாம் கையாக வந்த குரலைத்தான்.

கிரீசி காலத்துத் தீர்ப்புகள் எங்களுக்கு வந்து சேர்ந்த வழியும் யோசிக்கத்தக்கது. அவற்றில் ஒரு பகுதியைத் தேடியெடுத்து அச்சிட்டவர் பொன்னம்பலம் இராமநாதன். 1863 முதல் 1868 வரையான உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் அவருடைய தொகுப்பில்தான் இருக்கின்றன. சட்ட உலகுக்கு அது பெரிய உபகாரம். அதே இராமநாதன்தான் 1888இல் றோயல் ஏசியாட்டிக் சங்கத்தின் இலங்கைக் கிளையில் சோனகர் இனத்தால் தமிழரே என்று கட்டுரை படித்தார். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதற்கு 1907இல் மறுப்பு நூல் வெளியிட்டார். இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு அந்த விவாதம் புதிதில்லை. நான் சொல்ல வருவது இதை மட்டும்தான்: எங்களைப் பற்றிய தீர்ப்பை எழுதியவர் ஒருவர், அதைத் தொகுத்துப் பாதுகாத்தவர் இன்னொருவர், நாங்கள் யாரென்று சொன்னவரும் அவரே. எங்கட கை அந்த வேலையில் பிந்தித்தான் சேர்ந்தது.

பிந்திச் சேர்ந்தாலும் சேரத்தான் செய்தது. கிரீசி பிரதம நீதியரசராக இருந்த காலத்தில், 1862இல், கண்டியைச் சேர்ந்த 24 வயது முஸ்லிம் இளைஞர் ஒருவர் சட்டத் தொழிலில் இறங்கினார். 1864இல் உயர் நீதிமன்றப் புரொக்டரானார். பழைய ஆக்கள் சொல்கிற பிரக்கிராசியார். அவர்தான் அறிஞர் மு. கா. சித்திலெப்பை. கிரீசி தலைமை தாங்கிய அதே நீதிமன்றத்தின் புரொக்டர். ஆங்கிலேயனின் சட்டத்தை, அவனுடைய மொழியில், அவனுடைய நீதிமன்றத்திலேயே கற்றார். ஆனால் அதோடு நிற்கவில்லை. 1882 டிசம்பரில் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைக் கண்டியிலிருந்து தமிழில் தொடங்கினார். அடுத்த மாதமே எகிப்தின் ஒராபி பாஷா நாடுகடத்தப்பட்டுக் கொழும்பில் வந்திறங்கினார். துருக்கியும் எகிப்தும் எங்கட மக்களுக்கு வீட்டுச் செய்தியாக மாறிய காலம் அது. 1885இல் வந்த ‘அசன்பே சரித்திரம்’ மிசிறு தேசத்தைத் தமிழ் வாசகனின் கண்முன் கொண்டுவந்தது. துருக்கி–கிரேக்க யுத்தத்தைப் பற்றியும் சித்திலெப்பை தமிழில் எழுதினார்.

லண்டனில் இருந்த ஒரு சட்டத்தரணி தன் மக்களுக்காக ஆங்கிலத்தில் துருக்கியரின் வரலாற்றை எழுதினார். ஒரு தலைமுறை கழித்து, கண்டியில் இருந்த ஒரு சட்டத்தரணி தன் மக்களுக்காகத் தமிழில் துருக்கியரைப் பற்றி எழுதினார். முதலாமவருக்குத் துருக்கி ஒரு நேச நாடு, படிக்க வேண்டிய ஒரு பொருள். இரண்டாமவருக்கு அது கிலாபத், உம்மத்தின் ஒரு உறுப்பு. சித்திலெப்பை கிரீசியின் நூலை வாசித்தாரோ இல்லையோ, அந்த நூலுக்குத் தேவைப்பட்ட பதில் அவருடைய வாழ்க்கையில் இருந்தது.

கிரீசி இலங்கையில் இருக்கும்போதும் எழுதுவதை நிறுத்தவில்லை. 1872இல் பிரிட்டிஷ் பேரரசின் குடியேற்ற நாடுகளுடைய அரசியலமைப்புகளைப் பற்றிய நூல் வெளிவந்தது. 1875இல் ஓய்வுபெற்று ஊருக்குப் போனவர் 1876இல் சர்வதேசச் சட்டம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ரஷ்யாவும் துருக்கியும் மீண்டும் மோதிய 1877இல் உஸ்மானியர் வரலாற்றைத் திருத்தி ஒரே நூலாகப் பதிப்பித்தார். 1878 ஜனவரி 27இல் லண்டனில் காலமானார். ரஷ்யப் படை இஸ்தான்பூலை நெருங்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை. நான்கு நாள் கழித்து எதிர்னேயில் போர்நிறுத்தம் கையெழுத்தானது. தான் வரலாறு எழுதிய ராஜ்ஜியம் அந்த முறை தப்பிக்கொண்டதை அவர் காணவில்லை.

கிரீசியைத் திட்டுவதற்காக இவ்வளவையும் எழுதவில்லை. என்னுடைய கவலை எங்களைப் பற்றியது. தூர் போரை அவர் எழுதிய விதம் பிழை என்று சொல்கிற நாங்கள், வரலாறு எழுதும்போது அவருடைய முறையைத்தானே பின்பற்றுகிறோம்? மீலாத் விழா மேடைகளிலும் பாடசாலைச் சஞ்சிகைகளிலும் பாருங்கள். பத்ர், யர்முக், ஹித்தீன், பிறகு 1453. அவர் விட்ட போர்களை நாங்கள் சேர்க்கிறோம். பட்டியல் மட்டும் மாறுகிறது. இலங்கை முஸ்லிம் வரலாறு என்றாலும் முதல் அப்புக்காத்து யார், முதல் மந்திரி யார், யார் வீட்டு வாசலில் எந்த ஆளுநர் வந்திறங்கினார் என்று வென்றவர் பட்டியலாகவே அது முடிகிறது.

ஆறு நூற்றாண்டுகளுக்கு முந்தி கெய்ரோவில் மாலிக்கி மத்ஹபின் தலைமைக் காழியாக இருந்தவரும் ஒரு சரித்திர ஆசிரியர்தான்: இப்னு கல்தூன். அவருடைய முகத்திமா, படைகளின் எண்ணிக்கையை யோசிக்காமல் ஒப்புவிக்கும் வரலாற்றாசிரியர்களைக் கண்டித்துக்கொண்டுதான் விசயத்துக்குள் இறங்குகிறது. ஒரு செய்தி வந்தால் சொன்னவன் நல்லவனா என்று கேட்பதோடு நிற்காமல், அப்படி நடக்கக்கூடிய சமூக நிலை அங்கே இருந்ததா என்றும் பார்க்கச் சொன்னார். மக்கள் எப்படிச் சம்பாதித்தார்கள், எப்படிச் சேர்ந்து வாழ்ந்தார்கள், ஆட்சி ஏன் எழும்பியது, ஏன் விழுந்தது என்று தேடியவர் அவர். நீதிபதியும் வரலாற்றாசிரியரும் ஒரே ஆளில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கட மரபிலேயே இப்படி ஒரு மேலான உதாரணம் இருக்கும்போது, போர்ப் பட்டியலோடு நாங்கள் ஏன் திருப்திப்பட வேண்டும்?

கிரீசி காலத்துத் தீர்ப்புத் தொகுப்புகளில் சோனகர் பெயர் தாங்கிய வழக்குகள் உண்டு. லெப்பைகள், மரைக்கார்கள், உம்மாக்கள். அவற்றைச் சட்டத்தரணிகள் முன்தீர்ப்புக்காகப் புரட்டுகிறார்கள். வரலாற்றுக்காகப் புரட்டுகிறவர்கள் குறைவு. ஒரு வழக்கை எடுத்தால் அந்தக் காலத்தில் மஹர் எவ்வளவு, வீடு யார் பெயரில், கடை எந்தத் தெருவில், விதவைக்குப் பங்கு கிடைத்ததா, அவளுக்காக யார் பேசினார்கள் என்று எவ்வளவோ விசயம் கிடைக்கும். ஆங்கிலமும் தமிழும் தெரிந்த, சட்டமும் கொஞ்சம் விளங்குகிற இளைஞர்கள் இன்றைக்கு எங்களிடம் தாராளமாக இருக்கிறார்கள். கிழக்கிலும் தெற்கிலும் மலையகத்திலும் பல்கலைக்கழகம் போன பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்துவதா, எப்படித் திருத்துவதா என்று நாங்கள் இவ்வளவு காலமாகச் சத்தம் போடுகிறோம். அந்தச் சட்டத்தின் வேர் 1806இல் இருக்கிறது. அந்த வேர் புதுக்கடையில் எப்படி வளர்ந்தது, எங்கே வளைந்தது என்பது இந்தத் தொகுப்புகளில் இருக்கிறது. அதைப் படிக்காமல் பேசுகிறவர் எந்தப் பக்கத்தில் நின்றாலும், யாரோ எழுதிவைத்த தீர்ப்பை மனப்பாடமாக ஒப்புவிப்பவராகவே இருப்பார்.

உயர்தர வகுப்புச் செயற்திட்டத்துக்கு ஒரு தலைப்புக் கேட்டு மாணவர்கள் வரும்போது நான் இப்போது போரைக் கொடுப்பதில்லை. ஒரு பழைய வழக்கைக் கொடுக்கிறேன். வாதி யார், பிரதிவாதி யார், என்ன கேட்டார்கள், என்ன கிடைத்தது என்று நான்கு பக்கம் எழுதி வாருங்கள் என்கிறேன். தூர் போரைப் பற்றிக் கேட்ட அந்த மாணவனுக்குக் கிடைத்தது ஒரு பாகப்பிரிவினை வழக்கு. முதல் வாரம் சலித்துக்கொண்டான். இரண்டாம் வாரம் வந்து, “சேர், இந்தக் காணி எங்கட ஊருக்குப் பக்கத்தில” என்றான்.